பேத்தி கொண்டுவந்த க்ரீம்

இமாச்சலப் பிரதேசத்தின் கின்னோர் மாவட்டம். கல்பாவில் வசிக்கும் அந்தக் கிழவியின் முகத்தில் சுருக்கங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கன்னத்தில் வெடிப்பில்லை, உதட்டில் தோல் உரியவில்லை. கிட்டத்தட்ட 2,900 மீட்டர் உயரத்தில், ஈரப்பசையற்ற குளிர்காற்றில், இது சாதாரண விஷயமல்ல. காரணம், அலமாரியில் பழைய மருந்து பாட்டிலில் இருக்கும் சுல்லி எண்ணெய்.

சுல்லி என்பது காட்டு ஆப்ரிகாட். கோடையில் பழுத்ததும் சதையை உலர்த்திவிட்டுக் கொட்டையைச் சேர்த்து வைக்கிறார்கள். பனிக்காலத்தில் அடுப்பருகே உட்கார்ந்து, கல்லால் ஒவ்வொன்றாக உடைக்க வேண்டும். பருப்பை இடித்து, வெந்நீர் தெளித்து, விழுதைப் பிசைந்து பிசைந்து பிழிந்தால் எண்ணெய் கசியும். விரல்கள் மரத்துப்போகும் வேலை. மூட்டு வலி, தலைமுடி, முகம் எல்லாவற்றுக்கும் அதுதான். (கசப்புப் பருப்பைத் தின்பது ஆபத்து, அதிலுள்ள அமிக்டலின் உடலுக்குள் சயனைடை உண்டாக்கும்.)

சிம்லாவில் வேலை பார்க்கும் பேத்தி, ஒருமுறை இளமையைத் திருப்பித் தரும் க்ரீம் ஒன்றை வாங்கி வந்தாள். டப்பாவின் மேல் ஆப்ரிகாட் படம். கிழவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

எந்த எண்ணெயும் சுருக்கத்தை அழித்துவிடாது. தோலின் ஈரம் ஆவியாகாமல் தடுக்கும், அவ்வளவே. எல்லா எண்ணெயும் ஒன்றுமல்ல. ஆலிவ் எண்ணெய் தோலின் மேலடுக்கைப் பலவீனப்படுத்துவதாகவும் சூரியகாந்தி எண்ணெய் அதைக் காப்பதாகவும் 2013இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு சொன்னது. ஆலிவைப் போலவே சுல்லியிலும் ஒலியிக் அமிலம்தான் அதிகம். ஆகவே பாட்டி வைத்தியம் என்பதற்காகவே புகழ்ந்துவிட முடியாது. தோலை முதுமையாக்கும் பெரிய எதிரி வெயில். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது. பச்சைப் பட்டி வைத்த கின்னோரித் தொப்பி அழகுதான். முகத்துக்கு நிழல் தராது.

இமாச்சல சுல்லி எண்ணெய்க்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரங்களுக்குத்தான் ஆப்பிள் போட்டி. கிழவியின் வீட்டுக்குப் பின்னால் இருந்த மூன்று சுல்லி மரங்களில் இரண்டு ஆப்பிள் கன்றுகளுக்கு இடம்விட்டன. மூன்றாவதையும் வெட்டிவிடலாம் என்று மகன் சொல்லிக்கொண்டிருக்கிறார். கொட்டை உடைக்க ஆள் இல்லையே என்பது அவர் வாதம். தவறென்று சொல்ல முடியாது. போன பனிக்காலத்தில் கிழவியால் அரை மூட்டைதான் உடைக்க முடிந்தது; விடுமுறையில் வந்த பேத்தி இரண்டு நாள் உதவிவிட்டு, ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு சிம்லா பஸ் ஏறினாள்.