கதவு கதவாக

வாப்பாவின் காரை விற்றுவிடச் சொல்லிப் பலரும் சொன்னார்கள். பழைய கொரோலா. எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட. உப்புக்காற்றில் கதவுகளின் அடிப்பக்கம் எல்லாம் கறள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தாலும், விலையைக் கேட்டுவிட்டு பேசாமல் திரும்பி வந்தவர்களில் நானும் ஒருவன். சரி, இருப்பதைத் திருத்துவோம் என்று நினைத்தேன்.

முதலில் நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். போன வருடம் "நோன்புப் பெருநாளைக்குக் கார் வேணும்" என்று ஒரு கராஜை நெருக்கினேன். ஐந்து நாளில் தந்தார்கள். பளபளவென்று இருந்தது. மாரி மழை முடியும்போது கதவெல்லாம் கொப்புளம். நகத்தால் சுரண்டினேன், பெயின்ட்டும் புட்டியும் சேர்ந்தே கழன்று வந்தன. அடியில் பழைய கறள் அப்படியே இருந்தது. அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அவசரப்படுத்தியவன் நான்தான்.

மாசியில் வேறொரு கராஜுக்குப் போனேன். காரைப் பார்க்க வந்தவன் என் பழைய மாணவன். பத்தாம் தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.

"சேர், ஒரேயடியாச் செய்யக் காசி இருக்கா?" என்று நேராகவே கேட்டான். இல்லை என்றேன்.

"அப்ப கதவு கதவாச் செய்வம். ஆனா நான் செல்ற ஒழுங்குலதான்."

அவனுடைய ஒழுங்கு இதுதான். வெறும் தகடு தெரியும்வரை கறளையும் பழைய பெயின்ட்டையும் எடுக்க வேண்டும். ஓட்டை இருந்தால் புட்டியால் மறைக்காமல் தகடு வெட்டி வெல்டிங் பிடிக்க வேண்டும். எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, அன்றைக்கே எப்பொக்சி பிரைமர் அடிக்க வேண்டும். வெறும் தகட்டை எங்கள் ஊர்க் காற்றில் இரவு விட்டால் விடியும்போதே கறள் தொடங்கிவிடும். எப்பொக்சிக்கு மேல்தான் நெளிவுக்குப் புட்டி. அதற்கு மேல் பில்லர் பிரைமர், இரண்டு மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் தின்னர் பறக்க நேரம் விட்டு.

"பில்லர் பிரைமரையும் இப்பவே அடிச்சு வெச்சா என்ன? கடைசியில பெயின்ட் மட்டும் அடிக்கலாமே?" என்று கேட்டேன்.

"அது ஈரத்த உறிஞ்சும் சேர். அதோட மழைக்குள்ள ஓடினா தண்ணி உள்ளுக்கு நிக்கும். மேல என்ன பெயின்ட் அடிச்சாலும் பிறகு கொப்புளிக்கும்."

ஆகவே ஒவ்வொரு சம்பளத்துக்கும் ஒரு கதவு, ஒரு மட்காட், பிறகு பொனட் என்று எப்பொக்சியோடு நிறுத்தி வந்தோம். அதுவும் வெயிலில் கிடந்தால் கெடும் என்று நிழலில் நிறுத்தச் சொன்னான். ரின்னில் போட்டிருக்கும் நேரம் தாண்டினால் வோட்டர் பேப்பரால் உரசாமல் அடுத்த பூச்சு ஒட்டாது என்றும் சொன்னான். சாம்பல் கதவுகளோடு ஓடிய காருக்குப் பிள்ளைகள் 'வரிக்குதிரை' என்று பெயர் வைத்தார்கள்.

கடைசிக் கட்டத்தில் பக்கத்தில் நின்று பார்த்தேன். பில்லர் பிரைமர் காய்ந்ததும் அதன்மேல் கறுப்புப் பெயின்ட்டை மெல்லிசாகத் தூவினான். கட்டையில் வோட்டர் பேப்பரைச் சுற்றித் தேய்த்தான். மேடு வெளுத்தது, பள்ளத்தில் கறுப்பு நின்றது.

"கண்ணுக்கு மட்டம் போலதான் தெரியும் சேர். இது பொய் செல்லாது."

பிறகு பில் கேட்டேன். பக்கத்தில் நின்ற சின்னப் பொடியனைக் கூப்பிட்டு எழுதச் சொன்னான். நீயே எழுது என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு எழுத வராதே சேர், உங்களுக்குத் தெரியும்தானே" என்றான்.

எனக்குத் தெரியாது. மூன்று வருடம் அவனுக்கு வரலாறு படிப்பித்தேன். ஒவ்வொரு தவணையும் அவனது அறிக்கையில் 'முயற்சி போதாது' என்று என் கையால் எழுதினேன். அவனுக்கு வாசிக்கவே வராது என்பதைப் பார்க்கவில்லை. கல்வியியற் கல்லூரியில் முதலில் சொல்லித் தந்ததே பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்த்துவிட்டுத் தொடங்கு என்பதைத்தான். பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் நானும் கறளுக்கு மேலேதான் பூசியிருக்கிறேன்.

இந்தத் தவணை ஆறாம் தரத்தில் முப்பத்திரண்டு பிள்ளைகளையும் ஒவ்வொருவராக இருத்தி ஒரு பக்கம் வாசிக்க விட்டேன். ஏழு பேருக்கு வரவில்லை. செவ்வாயும் வியாழனும் பள்ளிக்கூடம் விட்ட பிறகு அரை மணி நேரம் அவர்களோடு இருக்கிறேன். பெற்றோரே, உங்கள் பிள்ளைக்கும் வாசிக்க வராவிட்டால் மறைக்க வேண்டாம். எத்தனையாம் தரமாக இருந்தாலும் அனுப்புங்கள். காசு இல்லை.

அவனிடமும் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "எனக்கும் ஒரு கதிரை போடுங்க சேர்" என்றான்.

போட்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை.