கலெக்டர் பங்களாவில் ஓர் இரவு

திருவாரூர்க்காரர்கள் ஊர்ப் பெருமை பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டார்கள். "கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி" என்று தொடங்கி ஆழித்தேருக்கு வந்த பிறகுதான் மூச்சு விடுவார்கள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த என் பெரியம்மாவை, விடுமுறைக்குத் தரங்கம்பாடியில் போய்த் தங்கலாம் என்று கூப்பிட்டேன்.

"கடலைத்தான் நாகப்பட்டினத்திலேயே பார்த்தாச்சே!" என்றாள்.

"கடல் மட்டும் இல்லை, பெரியம்மா. அங்கே பழைய பங்களா ஒன்று இருக்கிறது. அதிலே தங்கப் போகிறோம்."

"பழைய வீட்டில் படுக்கப் பணம் கொடுப்பார்களா, யாராவது?" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் உண்டு. கமலாலயக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் பெரியம்மாவின் பிறந்த வீடு இருந்தது. திண்ணையும் முற்றமும் தேக்குத் தூண்களுமாக இரண்டு கட்டு வீடு. பாதியை விற்றாகிவிட்டது, தூண்கள் லாரி ஏறிப் போய்விட்டன. மீதிப் பாதி ஓடு சரிந்து பூட்டிக் கிடக்கிறது. அதற்கும் ஒருவர் விலை பேசிவிட்டுப் போயிருந்தார்.

திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால், பொறையாறு என்று காரில் போனால் சுமார் இரண்டு மணி நேரம். வழி நெடுக வயல், வாய்க்கால், தென்னை. மயிலாடுதுறையிலிருந்து பஸ்ஸிலும் வரலாம்.

தரங்கம் என்றால் அலை. பாடி என்றால் ஊர். ஊருக்குள் நுழையும்போதே 1792-ல் கட்டிய வெள்ளை வாசல் ஒன்று உங்களை வரவேற்கும். அதைத் தாண்டி ராஜ வீதியில் நடந்தால் இரு பக்கமும் மாதா கோயில்களும் பழைய மாளிகைகளும். வீதி முடிகிற இடத்தில் கடல். டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்பார்க் கோட்டை அங்கேதான் நிற்கிறது.

டென்மார்க்காரர்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். மிளகு வியாபாரம்தான்! 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு கோட்டை கட்டினார்கள். நாயக்கர் டென்மார்க் அரசருக்குப் பொன் ஏட்டில் எழுதிய கடிதத்தை அந்த நாட்டு ஆவணக் காப்பகத்தில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். 1706-ல் வந்த சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்துத் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். பெண் குழந்தைகளுக்கென்று 1707-லேயே இங்கே பள்ளிக்கூடம் நடந்தது என்றால் உங்களுக்குப் பெருமையாக இருக்காதா? கடைசியில் 1845-ல், வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இந்த ஊரை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். அப்புறம் வந்த கலெக்டர் துரைகளின் ஜாகைதான் எங்கள் பங்களா.

கவனிப்பாரில்லாமல் கிடந்த அதை, 2000-க்குப் பிறகு நீம்ரானா நிறுவனத்தார் பழுது பார்த்து விடுதியாக்கினார்கள். இரண்டு அடுக்கு. வரிசையாகத் தூண்கள் நிற்கும் விஸ்தாரமான தாழ்வாரம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் கூரை. அறைகளுக்கு, அந்தக் காலத்தில் இங்கே வந்து போன டேனிஷ் கப்பல்களின் பெயர்கள். வாடகை ஒன்றும் குறைவில்லை. ஆனால் ஒரே ஓர் இரவானாலும் துரை மாதிரி சாய்வு நாற்காலியில் கால் நீட்டிக்கொண்டு கடலைப் பார்க்கலாம்!

பெரியம்மா நாற்காலியில் உட்காரவே இல்லை. சுவரைத் தடவினாள், கதவின் கீலைப் பார்த்தாள், மாடிப்படியைக் குனிந்து பார்த்தாள்.

"சுண்ணாம்புக் காரைதான். நம்ம வீட்டிலேயும் இதுதானே?" என்றாள்.

இரவெல்லாம் அலைச் சத்தம். அவள் தூங்கவில்லை என்று தெரிந்தது.

விடிந்ததும் கடற்கரையோடு நடந்து மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போனோம். 1305-ஆம் வருஷத்தை ஒட்டி, குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அலையைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தபோது இந்த ஊர் மீனவர் குடும்பங்கள் பட்ட துயரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆகவே, குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: காற்று வாங்குங்கள், கிளிஞ்சல் பொறுக்குங்கள், பாறைகளில் ஏறாதீர்கள். கடலில் இறங்கிக் குளிக்கவும் வேண்டாம்.

பெரியம்மா சந்நிதியில் கும்பிட்டுவிட்டு வெகு நேரம் அந்தப் பாறைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கடல் கொண்டுபோனால் நாம் என்ன செய்ய முடியும்? ஆனால் நம்ம வீட்டுத் தூணைக் கடலா கொண்டுபோச்சு? நாமே அல்லவா லாரியிலே ஏற்றி அனுப்பினோம்!" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை.

வாசகர்களே, தரங்கம்பாடிக்கு அவசியம் போய் வாருங்கள். தை, மாசியில் வெயிலும் மழையும் தொந்தரவு செய்யாது. அறையை முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். அந்தப் பங்களாவில் தங்க வசதிப்படாவிட்டாலும், காலையில் வந்து ராஜ வீதி, கோட்டை, கோயில் எல்லாம் பார்த்துவிட்டு மாலையில் திரும்பலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். நமக்குத் தெரியாததெல்லாம் அவர்கள் கண்ணில் படும்.

திரும்பும்போது காரைக்கால் தாண்டும் வரை பெரியம்மா வாய் திறக்கவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"ஏண்டா, மீதிப் பாதிக்கு ஓடு மாற்ற எவ்வளவு ஆகும்?"