ஆஷி ஏரியின் அந்நிய மீன்

ஜப்பானின் ஹகோனே மலைகளுக்கு நடுவே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 720 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஆஷி ஏரி. பயணிகள் ஃபூஜி மலையின் தோற்றத்துக்காக அங்கே வருகிறார்கள். தூண்டிலோடு வருபவர்களுக்கு அது வேறு வகையில் முக்கியமானது. ஜப்பானில் பாஸ் மீனின் கதை அங்கேதான் தொடங்கியது. 1925ஆம் ஆண்டு அகாபோஷி தெட்சுமா என்ற தொழிலதிபர் அமெரிக்காவிலிருந்து பெருவாய் பாஸ் மீன்களை வரவழைத்து அந்த ஏரியில் விட்டார்.

சில ஆண்டுகளாக எல்லாப் பருவங்களிலும் அங்கே சென்று வருகிறேன். பாஸைத் தேடுவது என்பது நீரின் வெப்பத்தைத் தேடுவதுதான். குளிர்காலத்தில் அது ஆழத்துக்குச் சென்றுவிடும். உடலின் இயக்கம் மந்தமாகிவிடுவதால் அதற்கு அதிக இரை தேவைப்படுவதில்லை. போலி இரையை அடித்தரையில் மிக மெதுவாக நகர்த்தவேண்டும். பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவோம்.

நீரின் வெப்பம் 16 பாகையை எட்டும் வசந்தகால இறுதியில் மீன்கள் கரையோரம் வருகின்றன. ஆண் மீன் வாலால் தரையைத் துடைத்துக் கூடு அமைக்கிறது. பெண் முட்டையிட்டு விலகிவிட, ஆண் காவல் நிற்கிறது. அருகே வரும் எதையும் பசியில்லாமலே கவ்வுகிறது. பிடிப்பதற்கு அதைவிட எளிய நேரம் இல்லை. ஆனால் அதைச் சற்று நேரம் தூக்கிவிட்டாலும் போதும், சிறு மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும். எங்கள் ஊர்க் குளத்தில் பார்ப்புகளோடு திரியும் விராலைத் தொடக்கூடாது என்று தாத்தா சொல்லுவார். அந்தச் சொல்லுக்காக, கூட்டின்மேல் நிற்கும் பாஸை நான் பார்ப்பதோடு சரி.

கோடையில் மேல்நீர் சூடாகி, கீழே குளிர்நீர் தனி அடுக்காக நிற்கும். விடியற்காலையில் வகாசகி என்னும் பொடிமீன் கூட்டத்தைப் பாஸ்கள் மேலே விரட்டும்போது நீர் கொதிப்பதுபோலத் தெறிக்கும். இலையுதிர்காலத்தில் அடுக்குகள் கலந்துவிட, மீன்கள் சிதறிப்போகும். அக்டோபர் 1ஆம் தேதி வகாசகிக்கான வலைவீச்சு தொடங்குகிறது. முதல் மீன்கள் ஹகோனே ஆலயத்துக்குப் படைக்கப்படுகின்றன. பேரரசரின் இல்லத்துக்கும் அனுப்பப்படுகின்றன.

அந்த வகாசகியும் வேறு நீர்நிலையிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டதுதான். அதே ஏரியில் பிடிபடும் வானவில் டிரவுட்டின் பூர்விகமும் வட அமெரிக்கா. ஒன்று தெய்வத்துக்குப் படையலாகிறது, இன்னொன்று விருந்தாகிறது, பாஸ் மட்டும் குற்றவாளியாக நிற்கிறது.

குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. மலையேரியில் விடப்பட்ட மீன் நாடெங்கும் பரவியது. பிவா ஏரியில் ஃபுனாஸுஷி என்ற புளித்த மீனுணவுக்கு ஆதாரமான நிகொரோபுனா அருகியதற்கு, நாணற்காடுகள் அழிந்ததோடு பாஸும் ஒரு காரணம். 2003 முதல் அங்கே பிடித்த பாஸைத் திரும்ப நீரில் விடுவது தடை செய்யப்பட்டிருக்கிறது. 2005இல் நடைமுறைக்கு வந்த நாடு தழுவிய சட்டம், பாஸை உயிருடன் கொண்டுசெல்வதையும் வளர்ப்பதையும் தடுத்தது. ஆனால் அப்போது ஆஷி உட்பட நான்கு ஏரிகளில் மட்டும் அது மீன்பிடி உரிமைக்குட்பட்ட, பேணப்படும் மீனாக இருந்தது.

ஒருமுறை பிவாவில் ஒரு பாஸைப் பிடித்தேன். கரையில் வைத்திருந்த சேகரிப்புப் பெட்டியில் அதைப் போடவேண்டியிருந்தது. கை தயங்கியது. ஆஷியில் நீரில் நழுவவிடும் அதே மீன், அதே கண். மீனை விடுவிப்பதை என் கருணை என்று அதுவரை எண்ணியிருந்தேன். அது அந்த ஏரி எனக்குத் தந்திருந்த அனுமதி மட்டுமே என்று அன்று தெரிந்தது.

நம் விராலின் உறவினமொன்று 2002இல் அமெரிக்காவின் மேரிலாண்டில் ஒரு குளத்தில் தென்பட்டபோது, நஞ்சிட்டு அந்தக் குளத்தின் மீன்களையே அழித்தார்கள். குஞ்சைக் காக்கும் பண்பு அங்கே அதைக் காப்பாற்றவில்லை. மீனுக்கு எல்லைகள் தெரியாது. எந்த நீரில் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அறிந்திருக்கவேண்டியது தூண்டிலைப் பிடித்திருக்கும் கைதான்.