சக்கரத்தின்மேல் ஒரு குடித்தனம்

வீடு என்பது யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு நிலத்தில் ஊன்றிய ஒன்று. அத்திவாரமிட்டு, கிணறு வெட்டி, வேலி அடைத்து, உறுதி முடித்து, மகளுக்குச் சீதனமாகக் கொடுப்பதற்கென்றே நாம் அதனைக் கட்டுகிறோம். அத்தகைய வீட்டை விற்றுவிட்டு, இளைப்பாறிய காலத்தில் கணவனும் மனைவியும் ஒரு மோட்டார் வண்டியில் ஏறிப் பாலைவனத்துக்குக் குடிபோனார்கள் என்று கேள்வியுற்றால், அவர்களுக்கு என்ன துன்பம் நேர்ந்ததோ என்றுதான் முதலில் விசாரிப்போம். அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களில் அது துன்பமன்று. பலருக்கு நெடுநாட் கனவு.

2019ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில், பீனிக்ஸ் நகரில் பொறியியலாளராக இருக்கும் என் தமக்கையின் மகனிடம் சென்றிருந்தேன். அவனோடு பணியாற்றும் ஒருவரின் பெற்றோர் அவ்வாறு வாழ்கின்றனர் என்று அறிந்து, அவர்களைக் காண விரும்பினேன். பீனிக்சிலிருந்து மேற்கே ஏறக்குறைய 200 கிலோமீற்றர் தூரத்தில் குவாட்சைற் என்னும் சிற்றூர் இருக்கிறது. 2010ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் நாலாயிரம் பேர்கூட இல்லாத ஊர். குளிர்காலத்திலோ, வடக்கின் பனிக்குத் தப்பி வருவோரால் அதனைச் சூழ்ந்த கற்றரையெங்கும் வெள்ளை வெள்ளையாக வண்டிவீடுகள் முளைத்துவிடுகின்றன. நிலம் மத்திய அரசாங்கத்துக்குரியது. செப்டெம்பர் 15 முதல் ஏப்ரில் 15 வரை அங்கே தங்குவதற்கு அப்போது 180 டொலர் கட்டணம். ஏழு மாத வாடகை அவ்வளவே! அதுவும் வேண்டாம் என்போர் வேறு அரச நிலங்களில் பதினான்கு நாள் இலவசமாகத் தங்கிவிட்டு வேறிடம் பெயர்ந்து செல்லலாம்.

பெரியவருக்கு எழுபத்தாறு வயது. மினசோட்டா மாநிலத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணிதம் கற்பித்தவர். அம்மையார் ஆஸ்பத்திரித் தாதியாக இருந்தவர். அவரிலும் மூன்று வயது இளையவர். 2011ஆம் ஆண்டில் வீட்டை விற்றிருக்கிறார்கள். வீட்டோடு பியானோ போயிற்று, தளபாடங்கள் போயின, புத்தகங்களுட் பன்னிரண்டு மாத்திரம் எஞ்சின. வண்டிக்குள் ஒரு புதிய பொருள் வந்தால் பழைய பொருள் ஒன்று வெளியேற வேண்டும் என்பது அவர்கள் வகுத்த சட்டம். முப்பது அடி நீளமான அந்த வண்டிக்குள் கட்டில், அடுப்பு, குளிரூட்டும் பெட்டி, குளிக்கும் அறை யாவும் அடக்கம். கூரையிற் பதித்த சூரியத் தகடுகள் விளக்குக்கு வேண்டிய மின்சாரத்தைத் தருகின்றன.

தண்ணீர்தான் என்னைத் தலைகுனிய வைத்தது. வண்டியின் தொட்டி ஏறக்குறைய 150 லீற்றர் கொள்ளும். அதனை இருவரும் பத்து நாட்களுக்கு வைத்துக்கொள்கிறார்கள். ஆறு என்று ஒன்றில்லாத குடாநாட்டிலே, மழை தந்த நிலத்தடி நீரையே நம்பி வாழ்கின்ற நாம், கிணற்றடியில் ஒருமுறை நின்று தலையில் வார்க்கும் நீர் அவர்களுக்கு எத்தனை நாளுக்குப் போதும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். கணக்கு நமக்குப் பெருமை தருவதாயில்லை.

கழுவிய நீருக்கு ஒரு தொட்டி, மலசலத்துக்கு வேறொரு தொட்டி. அவை நிரம்பியதும் அதற்கென அமைந்த இடத்துக்கு வண்டியைக் கொண்டு சென்று, குழாய் பூட்டி, தாமே வெறுமையாக்க வேண்டும். பெரியவர் கையுறை அணிந்து அதனைச் செய்துகொண்டே என்னோடு கல்வித் திட்டம் பற்றி உரையாடினார். அந்த வேலையைப் பிறர் தலையில் சுமத்தி, அவர்களை நம் படலைக்கு வெளியே நிறுத்திவைத்த ஒரு சமூகத்திலிருந்து வந்தவன் என்பது என் நினைவுக்கு வந்தது. அவர் அதனைக் கவனித்திருக்கமாட்டார்.

மாலையில் ஊருக்குள் நடந்தோம். அங்குள்ள இடுகாட்டில் கற்களாலான ஒரு சிறு பிரமிட்டும், அதன் உச்சியில் ஓர் ஒட்டகமும் உண்டு. 1856ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவம் பாலைவனப் போக்குவரத்துக்கென ஒட்டகங்களைத் தருவித்தபோது அவற்றை நடத்த வந்தவர் ஹாஜி அலி. அப்பெயரை வாயில் நுழைக்க இயலாத இராணுவத்தினர் 'ஹை ஜொலி' என்று ஆக்கிவிட்டனர். ஒட்டகத் திட்டம் கைவிடப்பட்டது. அவர் அந்நாட்டிலேயே தங்கி 1902இல் இறந்தார். வீடில்லாது திரிவோர் கூடுமிடத்துக்கு இத்தகைய காவற்றெய்வம் பொருத்தமே.

வழியில் ஒரு சகுவாரோக் கள்ளியின் முன் அம்மையார் நின்றார். முதற் பத்தாண்டில் ஓரிரு அங்குலமே வளர்கின்ற அந்தக் கள்ளிக்கு, ஐம்பது முதல் எழுபத்தைந்து வயதில்தான் முதலாவது கிளை தோன்றுமாம். "எங்கள் வயதில்தான் இது கையை நீட்டத் தொடங்குகிறது" என்றார். பெரியவர் சிரிக்கவில்லை. கிளை எந்தப் பக்கம் என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. விழித்திரையின் நடுப்பகுதி நலிந்துபோகும் நோய் அவருக்கு. வானத்தின் ஓரங்கள் தெரியும்; எதிரே நிற்கும் மனைவியின் முகம் தெரியாது. இரண்டு ஆண்டுகளாக வண்டியை ஓட்டுபவர் அம்மையாரே. அவ்வாண்டின் வசந்தத்தில் நியூ மெக்சிக்கோவிலுள்ள வெண்மணற் குன்றுகளுக்குப் போயிருந்தார்கள். நான் அவர்களைக் கண்ட அதே மாதத்தில் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இடம் அது. அங்குள்ளது சாதாரண மணலன்று, ஜிப்சம். வெயில் எரித்தாலும் காலைச் சுடாது. "அதைப் பார்க்க எனக்குக் கண் தேவைப்படவில்லை, சப்பாத்தைக் கழற்றினேன்" என்றார் பெரியவர்.

பாலை என்றவுடன் பிரிவைப் பாடுவது நமது புலவர் மரபு. ஆயினும் காதலனோடு தலைவி பெற்றோரறியாமற் புறப்படும் உடன்போக்கும் பாலைக்கே உரியது. இவர்களுடையது முதுமையில் நிகழ்ந்த உடன்போக்கு. இம்முறை தடுக்க நின்றவன் மகன். பீனிக்சில் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் அவர்களுக்கென ஓர் அறையை ஆயத்தம் செய்து வைத்திருந்தான். பெரியவர் அங்கே போய்விட விரும்பினார். பார்க்க இயலாதவனைச் சுமந்துகொண்டு மனைவி ஏன் மலைப்பாதைகளில் வண்டி செலுத்த வேண்டும் என்பது அவருடைய வாதம். வீடு விற்ற நாளில் அழுதவர் அம்மையார். இப்போது நிற்க மறுத்தவரும் அவரே. "இவர் எனக்காக வீட்டைவிட்டு வரவில்லை, நான் இவருக்காக வந்தேன். இப்போது எனக்காக இவர் வரட்டுமே" என்று என்னிடம் கூறினார். தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. தேநீரைக் குடித்தேன்.

இவர்களுக்கு இளைப்பாற்றுச் சம்பளம் உண்டு. வேண்டாமென்றால் மகனுடைய அறையும் உண்டு. சற்றுத் தள்ளி, பழைய வான் ஒன்றில் தனியே குடியிருந்த மூதாட்டிக்கு இரண்டுமில்லை. 2008ஆம் ஆண்டுப் பொருளாதாரச் சரிவின் பின் வீட்டை இழந்து சாலைக்கு வந்தோர் பலர். அவர்களைப் பற்றி ஜெசிக்கா புரூடர் 2017இல் எழுதிய 'நோமாட்லாண்ட்' என்னும் நூல் திரைப்படமாகி, 2021இல் ஒஸ்கார் பரிசும் பெற்றது. 1995 ஒக்டோபர் 30ஆந் தேதி இரவு, பதினான்கு வயதுச் சிறுவனாக, நாவற்குழிப் பாலத்தை நெருக்கியடித்துக் கடந்தவர்களுள் நானும் ஒருவன். ஆதலால் வீடின்றி அலைவதன் இன்பத்தை எவரேனும் விதந்துரைத்தால் என் மனம் உடனே இசைவதில்லை. விரும்பிப் புறப்படுவதும் துரத்தப்பட்டுப் புறப்படுவதும் ஒரே சாலையில் நிகழ்கின்றன. சாலைக்கு அது தெரியாது. அம்மையார் அம்மூதாட்டிக்குத் தினமும் சூப் அனுப்பினார். அது தானமாகத் தோன்றாதபடி, கிழிந்த துணிகளைத் தைக்க அவளிடம் கொடுத்துவந்தார்.

இரவில் குளிர் எலும்பில் ஏறிற்று. நெருப்பு மூட்டி அமர்ந்தோம். மேற்கு மலைகளின் மேல் ஒளி மங்க மங்க, அம்மையார் நிறங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்: செம்மண், பிறகு ஊதா, பிறகு சாம்பல். பெரியவர் இடையிடையே திருத்தினார். "சாம்பல் இன்னும் வந்திருக்காது, நீ அவசரப்படுகிறாய்." உண்மையில் அவர் சொன்னதே சரி.

2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்தபோது மகனுடைய அறை வென்றது. ஓராண்டு அங்கிருந்தார்கள். 2021 வசந்தத்தில் அம்மையார் வென்றார். மீண்டும் வண்டி புறப்பட்டது. 2022ஆம் ஆண்டிலிருந்து டெக்சாஸ் மாநிலத்தில் லிவிங்ஸ்டன் என்னும் ஊரில் தங்கியிருக்கிறார்கள். 1978இல் தொடங்கிய 'எஸ்கேப்பீஸ்' என்னும் வண்டிவீட்டார் சங்கத்தின் தலைமையிடம் அங்குள்ளது. இனி ஓட்ட இயலாதவர்கள் தம் வண்டியை அங்கே நிறுத்திவிட்டு அதிலேயே குடியிருக்கலாம். சாப்பாட்டுக்கும் பராமரிப்புக்கும் உதவி கிடைக்கும். சக்கரம் உண்டு, பயணம் இல்லை. அது இருவருக்கும் இணக்கமான முடிவா என்று நான் கடிதத்திற் கேட்டிருந்தேன். அதற்கு விடை வரவில்லை. மாதந்தோறும் முதலாந் தேதி எஞ்சினை அரைமணி நேரம் இயக்கி, சக்கரங்களுக்குக் காற்றும் பார்த்துவிடுவதாகவும், புகை வருகிறதென்று அயலவர் ஒருவர் முறையிட்டிருப்பதாகவும் அம்மையார் எழுதியிருந்தார்.