மன்னாரில் போனவர்களும் இருந்தவர்களும்

தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டருக்குள்தான். நம் பாட்டன்மார் காலத்தில் சென்னை எழும்பூரில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு போய் வியாபாரம் பார்த்தார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பின் ராமேசுவரத்திலிருந்து கப்பல் போயிற்று. இலங்கையில் போர் மூண்டதும் அதுவும் நின்றது. இன்று அந்த 30 கிலோமீட்டரைக் கடக்கக் கொழும்பு வழியாகப் போகிறவர்கள் விமானத்தில் கொழும்பு போய், அங்கிருந்து புத்தளம், அனுராதபுரம், மதவாச்சி என்று பஸ்ஸில் சுற்றிக்கொண்டு மன்னாருக்கு வர வேண்டும்.

இந்தச் சுற்று வழியிலும் ஒரு நன்மை உண்டு. மன்னார் முஸ்லிம்களின் கதையை மன்னாரில் தொடங்கினால் புரியாது. புத்தளத்தில்தான் தொடங்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் நாம் தமிழர்கள், மார்க்கத்தால் முஸ்லிம்கள். இலங்கையில் அப்படி அல்ல. அங்கே குடிசன மதிப்பீட்டில் 'இலங்கைத் தமிழர்' ஓர் இனம், 'இலங்கைச் சோனகர்' வேறோர் இனம். வீட்டில் பேசுவது அதே தமிழ். பள்ளிக்கூடத்தில் படிப்பதும் அதே தமிழ். உம்மா என்பதும் அம்மா என்பதும்தான் வித்தியாசம். ஆனாலும் அரசாங்கத்தின் ஏட்டில், அரசியலில், மக்களின் மனதில் இரண்டும் இரண்டு இனங்கள். மன்னார் மாவட்டத்துத் தமிழர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். கடலோரத்தில் மாதா கோவில் இல்லாத தமிழ் ஊரைக் காண்பது அரிது.

1990 அக்டோபர் கடைசி வாரத்தில் விடுதலைப் புலிகள் வட மாகாணம் முழுவதிலும் இருந்த முஸ்லிம்களை வெளியேறச் சொன்னார்கள். யாழ்ப்பாண நகரில் இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். மன்னாரில் சில நாட்கள் கிடைத்தன. சுமார் 75,000 பேர் நகை, பணம், மாடு, தோணி, கடைச் சரக்கு, வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டிக் கரையிலிருந்து படகுகளில் ஏறிய பெண்களும் பிள்ளைகளும் கடல் வழியாகக் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். மன்னாரின் கத்தோலிக்கக் குருமார்களும் தமிழ்ப் பெரியவர்களும் புலிகளிடம் முறையிட்டுப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. இதை நாம் மறக்கக் கூடாது. விரட்டியது ஓர் இயக்கம். அண்டை வீட்டுக்காரர்கள் அல்லர்.

கற்பிட்டியிலும் புத்தளத்திலும் தென்னந்தோப்புகளில் கிடுகுக் குடிசை போட்டுத் தங்கியவர்கள், ஒரு மாதத்தில் திரும்பிவிடுவோம் என்று எண்ணினார்கள். இருபது வருடம் ஆயிற்று. மன்னாரில் நெல்வயலும் கடையும் வைத்திருந்த வீட்டுப் பெண்கள் கற்பிட்டியில் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போனார்கள். முதலில் சோறு போட்டு ஆதரித்த புத்தளத்து முஸ்லிம்களுக்கும், நாள் செல்லச் செல்ல, பள்ளிக்கூட இடத்திலும் கூலி வேலையிலும் பங்கு குறைந்தபோது மனம் கசந்தது. 'அகதி' என்ற சொல் ஒரு பட்டப் பெயராகவே ஒட்டிக்கொண்டது. சொந்த மார்க்கத்தவர் நடுவில் அந்நியராக வாழ்வது எப்படி என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். 2007 முதல் உலக வங்கி உதவியோடு புத்தளத்தில் நிரந்தர வீடுகள் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பின்னாளில் மன்னாரில் உதவி கேட்டுப் போனபோது, "உங்களுக்குத்தான் புத்தளத்தில் வீடு இருக்கிறதே" என்ற கேள்விக்கு அதுவே காரணமாயிற்று.

பஸ் மதவாச்சியைத் தாண்டி, காடும் குளமும் வயலும் கடந்து, கடலைக் கிழித்துப் போட்ட பாலத்தின் வழியே தீவுக்குள் நுழைகிறது. இப்போதுள்ள புதுப் பாலம் 2010இல் திறந்தது. இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது போர்த்துகீசர் கட்டி ஒல்லாந்தர் பிடித்துக்கொண்ட கோட்டை. அடுத்தது கழுதைகள். நடுத் தெருவில், கடை வாசலில், பஸ் நிலையத்தில் கேட்பாரின்றித் திரிகின்றன. அரபு வணிகர்கள் கொண்டுவந்தவை என்பார்கள். பள்ளிமுனையில் நிற்கும் பிரமாண்டமான பெருக்க மரத்துக்கும் அதே கதைதான் சொல்கிறார்கள். ஆப்பிரிக்க மண்ணின் மரம் இந்த உப்புக் காற்றில் நூற்றாண்டுகளாக நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள ஊரோ கத்தோலிக்க மீனவர் ஊர்.

தலைமன்னார் ரோட்டில் போனால் தாராபுரம், எருக்கலம்பிட்டி போன்ற முஸ்லிம் ஊர்களும், பேசாலை போன்ற கத்தோலிக்க ஊர்களும் அடுத்தடுத்து வரும். பாங்கும் கோவில் மணியும் ஒன்றையொன்று கேட்கும் தூரம்தான். மண் ஒன்று, பனை ஒன்று, கருவாட்டு வாசனை ஒன்று. ஆனால் போர் முடிந்த பின் இரு சமூகங்களும் நிற்கும் இடம் ஒன்றல்ல.

முஸ்லிம் வீடுகளில் கேட்டால், "தமிழர்களுக்கு அதிகாரிகள் இருக்கிறார்கள், கச்சேரி இருக்கிறது, திருச்சபையின் துணை இருக்கிறது, வெளிநாட்டுப் பணம் வருகிறது" என்பார்கள். தமிழ் வீடுகளில் கேட்டால், "முஸ்லிம்களுக்கு அமைச்சர் இருந்தார், அரபு நாட்டு உதவி வருகிறது, கடைத்தெரு அவர்கள் கையில்" என்பார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. 1990இல் மன்னாரிலிருந்து இளைஞராக வெளியேறிய ரிஷாட் பதியுதீன் பின்னாளில் மீள்குடியேற்ற அமைச்சர் ஆனார். அரசாங்க உத்தியோகங்களில் தமிழர்கள் கூடுதலாக இருப்பதும் உண்மைதான். இருபது வருடம் அந்த மாவட்டத்திலேயே இல்லாத ஒரு சமூகத்தின் பிள்ளைகள் அங்கே எப்படி உத்தியோகத்தில் இருப்பார்கள்?

ஆனால் 'இருந்தவர்கள்' சுகமாக இருந்தார்கள் என்று நம்மவர்கள் நினைத்தால் அது பெரும் பிழை. தீவுத் தமிழர்கள் ராணுவத்தின் சோதனைச் சாவடிகளுக்கு நடுவில், பாஸ் இல்லாமல் வெளியே போக முடியாமல் வாழ்ந்தார்கள். பெருநிலப்பரப்பில் இருந்தவர்கள் ஷெல் வீச்சில் ஊர் ஊராக ஓடினார்கள். 1999 நவம்பரில் மடு மாதா கோவிலில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் மீதே ஷெல் விழுந்து சுமார் 40 பேர் இறந்தார்கள். 2006 ஜூனில் பேசாலைக் கோவிலுக்குள் ஒளிந்திருந்த மக்கள் மீது கைக்குண்டு வீசினார்கள். ஆயிரக்கணக்கானோர் இரவில் படகேறி நம் ராமேசுவரத்துக்கு வந்து மண்டபம் முகாமில் இருந்தது நமக்கே தெரியும். முஸ்லிம்கள் உடைமையையும் ஊரையும் இழந்தார்கள். தமிழர்கள் அவற்றோடு பிள்ளைகளையும் இழந்தார்கள். காணாமல் போன மகனின் படத்தை வைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்கள் மன்னாரில் இன்றும் இருக்கிறார்கள்.

கணக்கு ஒன்று சொல்கிறேன். 1981 குடிசன மதிப்பீட்டில் மன்னார் மாவட்டத்தில் நான்கில் ஒருவருக்கு மேல் சோனகர். 2012 மதிப்பீட்டில் ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான். போர் முடிந்து மூன்று வருடம் கழித்தும் இவ்வளவுதான் திரும்பியிருந்தார்கள்.

ஏன் திரும்பவில்லை? பலர் இங்கே அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்கள். 2008 ஏப்ரலுக்கு முன் இடம்பெயர்ந்தவர்களைப் 'பழைய அகதிகள்' என்றும், பின்னர் இடம்பெயர்ந்தவர்களைப் 'புதிய அகதிகள்' என்றும் பிரித்தார்கள். வன்னியில் முள்வேலி முகாமிலிருந்து வந்த புதியவர்களுக்கு உதவி அவசரம், அதில் தவறில்லை. ஆனால் பழையவர்கள் வரிசையின் கடைசிக்குப் போனார்கள். அவர்கள் விட்டுவந்த வீட்டில் கூரை இல்லை, கதவு இல்லை. முசலிப் பக்கத்தில் ஊர் இருந்த இடமே காடாகியிருந்தது. 2002 சமாதானத்தை நம்பித் திரும்பிய முசலி மக்கள் 2007இல் மறுபடியும் ஓட வேண்டியதாயிற்று. பிறகு இந்திய அரசின் வீட்டுத் திட்டம் வந்தது. ஒரு வீட்டுக்கு இலங்கைப் பணம் ஐந்தரை லட்சம். யாருக்குக் கொடுப்பது என்பதில் இரு தரப்பும் சந்தேகப்பட்டன.

இதில் பெண்கள் சம்பந்தப்பட்ட ஒரு சிக்கல் இருக்கிறது. ஆண்கள் கூட்டம் போட்டுப் பேசும்போது இதைச் சொல்வதே இல்லை. மன்னாரில் இரு சமூகங்களிலும் மகளைக் கட்டிக்கொடுத்தால் வீடு கொடுக்கும் வழக்கம் உண்டு. 1990இல் ஒரு வளவும் ஒரு வீடும் இருந்த குடும்பத்தில் அன்று சின்னஞ்சிறு பெண்பிள்ளைகள் மூன்று பேர். 2010இல் அந்த மூவரும் மூன்று குடும்பம், புத்தளத்தில் வளர்ந்து புத்தளத்திலேயே கலியாணம் செய்தவர்கள். திரும்பிப் போனால் வளவு ஒன்றுதான். யார் போவது? மூத்தவள் போனால் மற்ற இருவரும் வேரறுந்தவர்களாக நிற்பார்கள். காணி இல்லை என்றால் வீட்டுத் திட்டமும் இல்லை. அதனால்தான் உம்மாவும் வாப்பாவும் எருக்கலம்பிட்டியில், மகள்மார் புத்தளத்தில், பேரப்பிள்ளைகள் பெருநாள் விடுமுறையில் மட்டும் ஊரில் என்று குடும்பங்கள் இரண்டாகிக் கிடக்கின்றன. வாக்கு மட்டும் மன்னாரில். 2019 ஜனாதிபதித் தேர்தல் அன்று புத்தளத்திலிருந்து வாக்களிக்க வந்த முஸ்லிம்களின் பஸ்களைத் தந்திரிமலைப் பகுதியில் மறித்துச் சுட்டார்கள். ஓட்டுப் போடுவதற்கே இந்தப் பயணம் போக வேண்டியிருக்கிறது.

தமிழ்ப் பெண்களின் கஷ்டம் வேறு மாதிரி. அங்கே வளவு இருக்கிறது. அதில் வீடு கட்ட ஆண் துணை இல்லை. புருஷனைப் போரில் இழந்தவர்கள், அல்லது இழந்தார்களா இருக்கிறாரா என்றே தெரியாதவர்கள், கருவாடு காயவைத்தும் கூலி வேலை செய்தும் குடும்பம் நடத்துகிறார்கள். மரணச் சான்றிதழ் வாங்கினால் உதவி கிடைக்கும். வாங்கினால் அவர் இறந்துவிட்டார் என்று தாமே ஒப்புக்கொண்டதாகும். வாங்காமலே இருக்கும் பெண்கள் உண்டு. நம் எருக்கலம்பிட்டிச் சகோதரி இவளைப் பார்த்து "உனக்கு ஊர் இருக்கிறது" என்று எப்படிப் பொறாமைப்பட முடியும்?

இரு சமூகமும் நேருக்கு நேர் மோதியது ஒரு சின்னத் துறையில். மன்னார் நகரை ஒட்டிய உப்புக்குளம் முஸ்லிம் மீனவர்களின் இடம் கோந்தைப்பிட்டி. அவர்கள் விரட்டப்பட்டிருந்த காலத்தில், விடத்தல்தீவிலிருந்து இடம்பெயர்ந்த தமிழ் மீனவர்களுக்கு அங்கே தொழில் செய்ய இடம் கிடைத்தது. விடத்தல்தீவு கடற்புலிகளின் தளமாகி 2008 ஜூலையில்தான் ராணுவத்திடம் விழுந்தது. உப்புக்குளத்தார் திரும்பி வந்து "எங்கள் துறை" என்றார்கள். அங்கே இருந்தவர்கள் "நாங்களும் அகதிகள்தானே" என்றார்கள். 2012 ஜூலையில் அது மறியலாகி, மன்னார் நீதிமன்றத்தின் மீது கல்லெறியும் வரை போயிற்று. கல்லெறிந்ததை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் இரண்டு அகதிக் கூட்டத்தை ஒரே துறையில் விட்டுவிட்டு அரசாங்கம் வேடிக்கை பார்த்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

தீவை விட்டுத் தெற்கே, கரையோரமாக அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி என்று முசலிப் பகுதி விரிகிறது. ஒரு காலத்தில் முத்துக்குளிப்புக்குப் பெயர்போன கரை. நம் கீழக்கரைச் சலாபக்காரர்கள் இங்கே வந்து மூழ்கியிருக்கிறார்கள். இங்கே இரு சமூகத்தின் நிலையும் வியப்பூட்டும்படி ஒன்றாகிவிடுகிறது. முள்ளிக்குளம் கத்தோலிக்கத் தமிழரின் பழைய ஊர். 2007இல் மக்களை வெளியேற்றிவிட்டுக் கடற்படை அங்கே தன் வடமேற்குக் கட்டளைத் தலைமையகத்தை அமைத்தது. 2017இல் மக்கள் வாசலில் உட்கார்ந்து போராடிய பிறகுதான் ஒரு பகுதியை விடுவிக்கச் சம்மதித்தார்கள். சிலாவத்துறை முஸ்லிம்களின் ஊர். அதன் நடுவிலும் கடற்படை முகாம். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி மக்களின் காணிகளோ, அவர்கள் புத்தளத்தில் இருந்தபோது காடாகி, 2012இல் வர்த்தமானியில் வன இலாகாவின் நிலமாகிவிட்டன. திரும்பி வந்து வெட்டினால், "வில்பத்துக் காட்டை அழிக்கிறார்கள்" என்று கொழும்பில் கூச்சல். வழக்கும் நடந்தது. 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், அழித்த காட்டுக்கு ஈடாகத் தம் செலவில் மரம் நடும்படி ரிஷாட் பதியுதீனுக்கு உத்தரவிட்டது. காட்டைக் காக்க வேண்டியதுதான். ஆனால் மனிதரை விரட்டியதால் முளைத்த காட்டுக்கும் ஆதியிலிருந்து நிற்கும் காட்டுக்கும் வித்தியாசம் பார்க்கும் கண் அங்கே யாருக்கும் இல்லாமல் போயிற்றே என்பதுதான் என் வருத்தம்.

இப்போது தீவில் புதிய பேச்சு காற்றாலைகள். தென்கரையில் 30 ராட்சத விசிறிகள் 2020 முதல் சுற்றுகின்றன. இன்னும் வரும் என்றதும், இல்மனைட் மணல் தோண்டும் திட்டமும் சேர்ந்துகொள்ள, 2025 ஆகஸ்டில் மன்னார் மக்கள் தெருவில் இறங்கினார்கள். தண்ணீர் வடியாது, மீன் ஒதுங்கிவிடும் என்ற கவலைக்குப் பள்ளிவாசல் தெரு, கோவில் தெரு என்ற வேறுபாடு இல்லை. 2022இல் இலங்கையில் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வழியில்லாமல் போனபோது மன்னார்க் கரையிலிருந்து மறுபடியும் படகுகள் தனுஷ்கோடிக்கு வந்தன. அந்தப் பஞ்சமும் இனம் பார்க்கவில்லை.

கடைசியாக நம் பங்கையும் சொல்லிவிடுகிறேன். மன்னார்க் கடலில் இரு சமூக மீனவர்களும் ஒன்றாகக் குறைசொல்வது நம் ராமேசுவரம், மண்டபம் விசைப்படகுகளைத்தான். இழுவை மடி கடலின் அடியைத் துடைத்துக்கொண்டு போகிறது. சிறு வள்ளக்காரனின் வலையையும் சேர்த்து அறுக்கிறது. இலங்கை 2017இல் தன் நாட்டில் இழுவை மடியையே தடைசெய்துவிட்டது. நம் படகுகள் திங்கள், புதன், சனி என்று முறை வைத்துப் போகின்றன. கடனுக்கு வாங்கிய வலை போய்விடுமே என்று, அந்த இரவுகளில் பேசாலையிலும் எருக்கலம்பிட்டியிலும் பல வள்ளங்கள் கரையிலேயே கிடக்கின்றன.