நன்கொடை ரசீதும் சம்பளக் கவரும்

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம் இது. பணக்காரர்களின் சமூகப் பொறுப்பு என்று சொன்னால் நமக்கு உடனே ஞாபகம் வருவது தானதர்மம். யார் எத்தனை கோடி கொடுத்தார்கள் என்பதுதான் பேச்சாக இருக்கும். எனக்கு அதில் ஒரு சின்ன மாற்றுக் கருத்து உண்டு.

நான் அகமதாபாத் வந்து ஆறு வருஷம் ஆகிறது. இந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பளிங்குக் கல்லில் ஒரு பெயர் இருக்கும். ஆஸ்பத்திரி, கல்லூரி, தர்மசாலை, வயதான மாடுகளைப் பராமரிக்கும் பாஞ்சராபோல், தெருமுனைத் தண்ணீர்ப் பந்தல் என்று எல்லாவற்றிலும். நம்ம ஊர்க் கோயிலில் டியூப்லைட் வெளிச்சமே தெரியாத அளவுக்கு 'உபயம்' எழுதி வைப்பார்களே, அந்த அளவுக்கு இல்லை :-) கிண்டல் செய்யவில்லை. குஜராத்தி வியாபாரிகளுக்குக் கொடுக்கிற மனசு உண்டு. அதை நேரில் பார்த்தவன் நான்.

ஆனால் இருபது வருஷமாக மற்றவர்களுடைய பாலன்ஸ் ஷீட்டைப் படித்தே பிழைப்பு நடத்துகிறவன் என்பதால், என் கண் நன்கொடைக்கு முன்னால் வேறு ஒரு வரிக்குப் போய்விடும். 'சண்ட்ரி கிரெடிட்டர்ஸ்'. அதாவது, அடுத்தவனுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி.

பி.காம். படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். லாபத்துக்கு முன்னால் கழிக்க வேண்டிய செலவு ஒன்று, லாபம் வந்த பிறகு அதிலிருந்து பிரித்துக் கொடுப்பது இன்னொன்று. முதலாவது 'சார்ஜ்', இரண்டாவது 'அப்ராப்ரியேஷன்'. கூலி, வாடகை, வட்டி எல்லாம் முதல் வகை. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் கொடுத்தே ஆக வேண்டும். வள்ளல் தன் இஷ்டத்துக்குக் கொடுப்பது இரண்டாம் வகை மாதிரி. அவர் மனசு வைத்தால் உண்டு. சமூகப் பொறுப்பு என்று நாம் கைதட்டுவதெல்லாம் இந்த இரண்டாவதற்குத்தான். முதலாவதை யாரும் பொறுப்பு என்றே நினைப்பதில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். வங்கி ரகசியம் காக்க வேண்டியவன் என்பதால் தொழிலை மாற்றிச் சொல்கிறேன், தொகையும் கணக்குக்காகப் போட்டதுதான். அட்டைப்பெட்டி செய்கிற சின்ன யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். ஒரு பெரிய கம்பெனிக்கு 40 லட்ச ரூபாய்க்குச் சரக்கு அனுப்புகிறார் முதலாளி. 45 நாளில் வர வேண்டிய பணம் 135 நாள் கழித்து வருகிறது. அதிகப்படியான அந்த 90 நாளுக்கு எங்கள் வங்கியில் கேஷ் கிரெடிட் வாங்கித்தான் காலம் தள்ளுகிறார். 11 சதவீத வட்டி என்றால் ஒரு லட்சத்து எட்டாயிரம் சொச்சம் ஆகிறது. வட்டி கட்டுகிறவர் சின்னவர். வட்டியில்லாமல் பணத்தைச் சுழற்றுகிறவர் பெரியவர்.

கதை இதோடு முடியவில்லை. மாதா மாதம் அவர் தரும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் 90 நாளைத் தாண்டிய பாக்கிகளை டிராயிங் பவரில் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்பது வழக்கமான விதி. பெரிய கம்பெனி இழுத்தடித்தால் இவர் எடுக்கக்கூடிய தொகையும் குறைந்துவிடும். 7ஆம் தேதி போட வேண்டிய சம்பளம் 20ஆம் தேதி ஆகும். அந்த எட்டு வீட்டில் மளிகைக் கடைக் கடன், பள்ளிக்கூட ஃபீஸ், வாடகை எல்லாம் 13 நாள் தள்ளிப்போகும். யாரோ ஒருவர் ஏ.சி. அறையில் உட்கார்ந்து ஒரு கையெழுத்தைத் தள்ளிப்போட்டதன் பலன் இது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2006ஆம் வருஷத்துச் சிறு தொழில் சட்டப்படி இப்படிப்பட்ட பாக்கியை 45 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மீறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. புகார் கொடுக்க 2017இல் 'சமாதான்' என்ற இணைய வசதியும் வந்தது. அப்படியும் வழிக்கு வராததால், குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் கொடுக்காத பணத்தை அந்த வருஷச் செலவாகக் காட்டி வரிச்சலுகை பெற முடியாது என்று 2023 நிதிச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள்.

நான் ஒரு வாடிக்கையாளரிடம் கேட்டேன், ஏன் புகார் கொடுக்கவில்லை என்று. "சாஹேப், புகார் கொடுத்தால் பழைய பணம் வந்துவிடும். புது ஆர்டர் வராதே" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு பக்கம், பெரிய கம்பெனிகள் மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற விதி 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நல்ல விதிதான். பள்ளிக்கூடக் கழிப்பறை, குடிநீர் என்று எத்தனையோ நடக்கிறது. ஆண்டறிக்கையில் வழவழ தாளில் கலர் போட்டோவும் வருகிறது. பாக்கி விவரம் அதே புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும். அதை யார் படிக்கிறார்கள்?

தானமா கூலியா என்ற இந்தக் கேள்விக்கு இதே ஊரில் நூறு வருஷத்துக்கு முந்தைய சரித்திரம் ஒன்று உண்டு. 1915இல் காந்தி இங்கே கோச்ரப்பில் ஆசிரமம் தொடங்கினார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஒரு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டதும் பண உதவி நின்றுபோனது. ஆசிரமத்தை மூடவேண்டிய நிலைமை. அப்போது ஒரு சேட் காரில் வந்து 13,000 ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போனார். 'சத்திய சோதனை'யில் காந்தி அவர் பெயரைச் சொல்லவில்லை. அவர் ஆலை அதிபர் அம்பாலால் சாராபாய் என்பது பிறகு தெரிந்தது. நம்ம ராக்கெட் விஞ்ஞானி விக்ரம் சாராபாயின் அப்பா.

மூன்று வருஷம் கழித்து, 1918இல், யுத்தகால விலைவாசியில் ஆலைத் தொழிலாளர்கள் 50 சதவீதக் கூலி உயர்வு கேட்டார்கள். முதலாளிகள் 20க்கு மேல் முடியாது என்றார்கள். முதலாளிகள் தரப்பின் தலைவர் அதே அம்பாலால். தொழிலாளர்கள் பக்கம் நின்றவர் அவருடைய சொந்த அக்கா அனசூயாபென்! ஆசிரமத்தைக் காப்பாற்றியவராயிற்றே என்று காந்தி பேசாமல் இருக்கவில்லை. கணக்குப் பார்த்து 35 சதவீதம் நியாயம் என்றார். தினமும் சபர்மதிக் கரையில் மரத்தடிக் கூட்டம். தொழிலாளர்கள் சோர்ந்தபோது மார்ச் 15ஆம் தேதி உண்ணாவிரதம் ஆரம்பித்தார். மூன்று நாளில் சமரசம் வந்தது. கடைசியில் மத்தியஸ்தர் ஆனந்தசங்கர் துருவா தீர்ப்பும் 35தான். தன் விரதம் நண்பர்களான முதலாளிகளை நெருக்கியது, அது ஒரு குறைதான் என்று காந்தியே எழுதியிருக்கிறார்.

நன்கொடையை நன்றியோடு வாங்கிக்கொண்டதும், கூலிக் கணக்கில் அதற்காக ஒரு பைசா விட்டுக்கொடுக்காததும் ஒரே ஆள்தான் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இரண்டும் வேறு வேறு கணக்கு. ஒன்றில் வரவு இருப்பதால் இன்னொன்றின் பாக்கி தீராது.

'சரி சார், இதெல்லாம் அம்பானி, அதானி பாடு, நமக்கென்ன' என்கிறீர்களா? வேர்ல்ட் இனீக்வாலிட்டி லேப் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23இல் நாட்டின் சொத்தில் 40.1 சதவீதம் மேலே உள்ள 1 சதவீதத்தினரிடம் இருந்தது. எல்லாரும் பகிர்ந்துகொண்டது இந்த எண்ணைத்தான். அதே ஆய்வில் இன்னொரு எண் உண்டு. வருமானத்தில் மேல் 10 சதவீதத்துக்குள் வர ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 2.9 லட்ச ரூபாய் இருந்தாலே போதும். இதைப் படிக்கிற நம்மில் முக்கால்வாசிப் பேர் அதைத் தாண்டியவர்கள். வீட்டு வேலைக்கு வருகிற பெண் பார்வையில் சேட் யார்? நாம்தான்.

மே மாசம் வந்தால் நாம் எல்லாரும் நவஜீவன் எக்ஸ்பிரஸ் பிடித்து ஊருக்குப் போய்விடுகிறோம். ஒரு மாசம் வீடு பூட்டியிருக்கும். அந்த மாசச் சம்பளம்? எங்கள் சொசைட்டியில் பல வீடுகளில் கிடையாது. எங்கள் வீட்டுக்கு வருகிற பென் ஐந்து வீட்டில் வேலை செய்கிறார். ஒரு மே மாதம் மூன்று வீடு பூட்டு. அவருடைய வாடகை அப்படியேதான் இருக்கிறது. மகள் பெயரில் போடும் 500 ரூபாய் ஆர்.டி.தான் ஒவ்வொரு கோடையிலும் தவணை தவறும் என்று என் மனைவியிடம் சொன்னாராம்.

மனைவி முழுச் சம்பளத்தையும் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பெட்டி கட்டுவாள். இது பக்கத்து வீட்டு மாமிக்குத் தெரிந்து, "ஏம்மா, செய்யாத வேலைக்குக் கொடுத்து ரேட்டைக் கெடுக்கறியே" என்று ஒருநாள் கேட்டுவிட்டார். மனைவி சொன்ன பதில்: "மாமி, இவருக்கு பேங்க்ல லீவுக்கும் சம்பளம் வருது, எல்.எஃப்.சி.ல டிக்கெட் காசும் வருது. இவரும் அந்த மாசம் ஒண்ணும் செய்யலியே!"

என்னை வாரியது போக, அதில் நியாயம் இருக்கிறது. நமக்கு உரிமையாகக் கிடைப்பது அவர்களுக்குத் தயவாகக்கூடக் கிடைப்பதில்லை. வீட்டு வேலை செய்வோருக்குத் தனிச் சட்டம் தேவையா என்று ஆராயக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் சொன்னது. சட்டம் எப்போது வந்தாலும் வரட்டும். நம் வீட்டு விதியை மாற்ற யாரைக் கேட்க வேண்டும்?

மாமி நல்லவர். நவராத்திரி வசூலுக்கு முதலில் 1,101 எழுதுகிறவர் அவர்தான். அதையும் எழுதட்டும். இந்த வருஷம் டிக்கெட் புக் செய்கிற அன்றைக்கே வேலைக்காரப் பெண்ணின் ஒரு மாசச் சம்பளத்தையும் எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள் என்று அவரிடம் சொல்லிப் பார்க்கப் போகிறேன். உங்களிடமும் அதையேதான் சொல்கிறேன்.