கண் திறப்பது கடைசியில்

பொழுதுபோக்காகக் கணினி விளையாட்டு செய்தவர்கள், இடையில் விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது முதல் வேலையாகப் பழைய ப்ராஜெக்டைத் திறப்பார்கள். மிச்சமிருக்கும் ஆர்வமும் அங்கேதான் போகும்.

என்னுடையது ஜல்லிக்கட்டு விளையாட்டு. தம்மம்பட்டிக்காரன் வேறு எதைச் செய்வான்? கோடோ என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளின் மூன்றாம் பதிப்பில் எழுதியது. நான் ஒதுங்கியிருந்தபோது, 2023 மார்ச்சில், கோடோ 4 வந்துவிட்டது. காளையை நகர்த்திய கைனமேட்டிக்பாடி2டி இப்போது கேரக்டர்பாடி2டி. முன்பு வேகத்தை மூவ்_அண்ட்_ஸ்லைடு என்ற கட்டளைக்குள் கொடுப்போம். இப்போது அதை வெலாசிட்டியில் வைத்துவிட்டு, வெறும் அடைப்புக்குறியோடு அழைக்க வேண்டும். ஈல்டு போய் அவெய்ட் வந்திருக்கிறது. மாற்றித் தரும் வசதி கோடோவுக்குள்ளேயே உண்டு. பெயர்களை மாற்றும், மீதியை நாம்தான் தேட வேண்டும். சிவப்பு வரிகளையெல்லாம் திருத்தி முடித்தால் கிடைப்பது என்ன? அன்றைக்கு ஓடிய அதே காளை. வீடு தூங்கிய பிறகு கிடைக்கும் கொஞ்ச நேரத்தை அதற்குக் கொடுக்க மனசு வராது.

அதனால் வெற்றுத் திரையில் ஒரு சதுரத்தைப் போடுவேன். அதுதான் காளை. விசையை அழுத்தினால் ஓடும். விட்டால் சட்டென்று நிற்காமல் சறுக்கி நிற்கும். அந்தச் சறுக்கலைச் சரிசெய்வதிலேயே ராத்திரி போய்விடும். உராய்வைக் குறைத்தால் வாடிவாசலைத் தாண்டி எதிர்ச்சுவரில் முட்டும். கூட்டினால் கிளம்பவே யோசிக்கும். நடுவில் ஏதோ ஓர் எண்ணில் சதுரத்துக்குத் திமிர் வந்துவிடும். அப்போது வரும் ஆசையைக் கதையோ இசையோ எனக்குத் தந்ததில்லை.

எங்கள் ஊர் மரச்சிற்பப் பட்டறைகளில் வாகைக் கட்டையில் முதலில் மொத்த உருவத்தைத்தான் இறக்குவார்கள். கண் திறப்பது கடைசியில். விளையாட்டு செய்யும் நம்மவர்களோ முதல் நாளே தலைப்புத் திரையைச் செதுக்கிக்கொண்டிருப்பார்கள்.

சோர்ந்தவனை உசுப்பப் பெரிய பெயர்களைச் சொல்வதும் ஒரு வழக்கம். ஜப்பானில் டைசுகே அமாயா ஐந்து வருடம் ஓய்வு நேரத்திலேயே 'கேவ் ஸ்டோரி'யைச் செய்து 2004-இல் இலவசமாகக் கொடுத்தார். கேட்டதும் எனக்குத் தூக்கம்தான் வருகிறது. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா'வுக்கு 2024-இல் பாஃப்டா கிடைத்தபோது இங்கேயும் பலருக்குக் கை அரித்தது. கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், கிழிந்த சமையல் குறிப்பேடு, இட்லி. விருதை விட, அது ஒரே மாலையில் ஆடி முடிக்கக்கூடிய அளவில் இருப்பதுதான் எனக்குத் தெம்பு.

அளவை நம்மால் அடக்க முடியாவிட்டால், சின்ன விளையாட்டுகளுக்கான பிக்கோ-8 என்ற மென்பொருள் அடக்கும்: 128-க்கு 128 புள்ளிகள், 16 நிறங்கள். அதில் பெரிய கனவுக்கு இடம் கிடையாது.

இரவு நிறுத்தும்போது தெரிந்த வேலை ஒன்றைப் பாதியில் விட்டு, நிரலிலேயே தமிழில் குறித்து வைக்கிறேன்: 'இடப்பக்கம் திரும்பினால் திமில் மறைகிறது.' மறுநாள் என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியதில்லை. பழைய ப்ராஜெக்டிலிருந்து படங்களையும் ஒலிகளையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பிஎன்ஜியும் வேவும் எந்தப் பதிப்பிலும் திறக்கும்.